இணையமும் நம் சுவாதீனமும்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருவெறும்பூரைத் தாண்டித் துவாக்குடியை நெருங்கும் பிரயாணியின் கண்ணில் படுகிற தேசியத் தொழில்நுட்பக் கழகம், 1964-ல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி, 2003-ல் இன்றைய பெயரைப் பெற்ற ஸ்தாபனம். அங்கே பயிலும் மாணவர்கள், 'டெல்டா ஃபோர்ஸ்' என்ற தங்கள் குழுவின் வாயிலாக, 'பிரக்யான்' என்னும் தங்கள் தொழில்நுட்ப விழாவின் பெயரையே சூட்டி, இணையதளங்களை நிர்வகிக்கும் மென்பொருள் ஒன்றை இயற்றினார்கள். பலர் கூடி ஒரே தளத்தில் எழுதும்போது, எந்தப் பக்கத்தை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று அதிகாரத்தைப் பகிர்ந்தளிப்பது அதன் பணி. அம்மென்பொருளினும் சிறந்தது, அதன் மூலநிரலை எவரும் படிக்கவும், மாற்றவும், தம் கணினியில் நிறுவிக்கொள்ளவும் இசைந்து வெளியிட்ட அவர்களுடைய மனோபாவமே என்பது என் அபிப்பிராயம்.

இம்மனோபாவத்தின் அருமை, அது இல்லாத இடத்தில்தான் நன்கு விளங்கும். ஒரு காலத்தில் நம் நாட்டு இளைஞர்கள் லட்சக்கணக்கில் கூடிய ஆர்குட் என்னும் சமூக வலைத்தளம், கூகுள் நிறுவனத்தின் தீர்மானப்படி 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டபோது, அங்கே எழுதியும் விவாதித்தும் சிநேகம் வளர்த்தும் வந்தவர்களுக்கு அதைத் தடுக்க யாதோர் உபாயமும் இருக்கவில்லை. எழுத்து அவர்களுடையதாயினும், அதைத் தாங்கிய யந்திரமும், இயக்கிய நிரலும் பிறர் வசம் இருந்தன.

உபயோகிப்போர் கையிலேயே அதிகாரம் தங்கும் இணையத்துக்கு மூன்று ஆதாரங்கள் அவசியம். முதலாவது, எவரும் ஆராயத்தக்க நிரல். 1991-ல் பிறந்த லினக்ஸ் இயங்குதளம் இன்று உலகின் மிகப் பல சர்வர்களை இயக்குவது இதற்குச் சான்று. இரண்டாவது, எல்லோருக்கும் பொதுவான நெறிமுறை. ஸ்ரீரங்கத்தில் ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலை உபயோகிப்பவர், யாழ்ப்பாணத்தில் வேறொரு நிறுவனத்தின் மின்னஞ்சலை உபயோகிப்பவருக்குத் தடையின்றி எழுத முடிவது, 1982-ல் வகுக்கப்பட்ட அஞ்சல் நெறிமுறையை யாவரும் ஏற்றதன் பயன். அதே நியாயத்தைச் சமூக வலைத்தளங்களுக்கும் விஸ்தரிக்கும் 'ஆக்டிவிட்டிபப்' நெறிமுறையை உலகளாவிய வலைச் சங்கம் 2018 ஜனவரியில் அங்கீகரித்தது. 2016-ல் தோன்றிய மாஸ்டடான் என்னும் சமூக வலைத்தளம் அதைக் கைக்கொண்டு, வெவ்வேறு சர்வர்களில் இருப்போர் பரஸ்பரம் உரையாட வழி செய்கிறது. மூன்றாவது, ஓரிடத்தில் முடங்காத சேமிப்பு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்து வாசியான கு. கல்யாணசுந்தரமும் பல நாட்டுத் தன்னார்வலர்களும் தட்டச்சு செய்த தமிழ் நூல்களை எவரும் பிரதி எடுத்து வழங்கலாம் என்பதால், ஒரு கணினி பழுதாயினும் நூல்கள் அழிவதில்லை.

ஆனால் இம்மூன்றும் கிடைத்த மாத்திரத்தில் சுவாதீனம் வந்துவிடாது. காவிரிப் பாசனத்தில் வாய்க்காலைத் தூர்வாரும் குடிமராமத்து நின்றுபோனால் நீரின் மேலுள்ள உரிமையும் பெயரளவினதாகிவிடுவது போலவே, சொந்த சர்வர் வைத்திருப்போரும் மின்சாரம், பாதுகாப்புத் திருத்தங்கள், மாற்றுப் பிரதிகள், அவதூறு எழுதுவோரைக் கட்டுப்படுத்துதல் ஆகிய நித்திய கடமைகளைக் கைவிட்டால், மீண்டும் பெரிய நிறுவனங்களின் நிழலுக்கே திரும்ப நேரும். இலவசமாகக் கிடைக்கும் நிரலுக்குப் பின்னாலும் எவரோ ஒருவருடைய உழைப்பு உண்டு. அவ்வுழைப்பில் நாமும் பங்கேற்பதே அதற்குரிய விலை.

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே இப்பாரத்தைச் சுமப்பது சாத்தியமன்று, கல்லூரிகள் சுமக்கலாம். திருச்சி வட்டாரத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. அவை ஒவ்வொன்றும் அண்டை ஊர்ப் பள்ளிகளுக்கும் நூல்நிலையங்களுக்கும் ஒரு பொது சர்வரைப் பராமரிக்க முன்வந்தால், மாணவர்கள் பாடப்புத்தகம் புகட்டாத பொறுப்பைக் கற்பார்கள்; ஊர்மக்களோ தங்கள் எழுத்தும் படங்களும் எந்த யந்திரத்தில் இருக்கின்றன, அதற்கு யார் பொறுப்பு என்பதை அறிந்தவர்களாய், வேண்டாதபோது அவற்றை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமையோடு இணையத்தில் வாழ்வார்கள்.