தண்டர் பேக்குப் போகலாமா?

ரொறன்ரோவில் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் அந்தியேட்டி வீட்டுக்குப் போனாலும், கை கழுவிய கையோடு வீட்டு விலைப் பேச்சு வந்துவிடுகிறது. அந்தப் பேச்சில் சில வருடங்களாக ஒரு ஊரின் பெயர் அடிபடுகிறது: தண்டர் பே. "அங்க தனி வீடே மூண்டரை, நாலு இலட்சத்துக்கு எடுக்கலாமாம்" என்கிறார் ஒருவர். "எடுத்துப்போட்டு அந்தக் குளிருக்குள்ள ஆரோட கதைக்கிறது?" என்கிறார் அவருடைய மனைவி. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டு விலையையும் குளிரையும் மட்டும் தராசில் வைத்து ஒரு குடும்பத்தை 1,400 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் இருத்த முடியாது. அதைவிடக் கனமான கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

முதலில் ஊரைப் பார்ப்போம். தண்டர் பே இருப்பது சுப்பீரியர் ஏரியின் வடமேற்குக் கரையில். பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி அது. சுமார் 82,100 சதுர கிலோமீட்டர். முழு இலங்கைத் தீவையும் அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். மேற்குக் கனடாவின் கோதுமை ரயிலில் வந்து இங்கே கப்பல் ஏறியது. கரையில் வரிசையாக நிற்கும் கொங்கிரீட் தானியக் களஞ்சியங்கள் அந்த வணிகத்தின் அடையாளம். ஃபோர்ட் வில்லியம், போர்ட் ஆர்தர் என்ற இரண்டு போட்டி ஊர்களை 1970-இல் இணைத்து இந்த நகரத்தை உருவாக்கினார்கள். 1971 குடிசனக் கணக்கெடுப்பில் சுமார் 108,000 பேர் இருந்தார்கள். 2021 கணக்கெடுப்பில் 108,843 பேர்.

ஐம்பது வருடங்களில் ஊர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதே காலத்தில் ரொறன்ரோவைச் சுற்றிய வெறும் வயல்கள் எல்லாம் நகரங்களாகிவிட்டன. தண்டர் பேயில் பிறந்த பிள்ளைகள் படித்து முடித்ததும் தெற்கே போகிறார்கள், வேலை செய்தவர்கள் ஓய்வு பெறுகிறார்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஆள் வேண்டும். வடக்கே ஆட்களைக் கூப்பிடும் குடிவரவுத் திட்டங்கள் வந்ததற்குக் காரணம் இதுதான்.

2019-இல் மத்திய அரசு கிராமப்புற, வடபகுதிக் குடிவரவு முன்னோடித் திட்டத்தை அறிவித்தபோது அதில் இடம்பெற்ற 11 ஊர்களில் தண்டர் பேயும் ஒன்று. சட்பெரி, டிம்மின்ஸ், நோர்த் பே, சூ செயின்ட் மேரி ஆகிய ஒன்ராறியோ ஊர்களும் அதில் இருந்தன. அந்தத் திட்டம் 2024-இல் முடிந்தது. 2025 ஜனவரியில் 14 ஊர்களோடு அதன் வாரிசு வந்தது. இந்த ஐந்து ஊர்களும் அதிலும் இருக்கின்றன. ஊர் அங்கீகரித்த முதலாளி ஒருவர் வேலை தரவேண்டும், ஊர் பரிந்துரைக்க வேண்டும், பிறகு நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்க வந்து, விசா முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் நிரந்தர வதிவிட அட்டை கையில் கிடைத்த மறுமாதமே மூட்டை கட்டும் எண்ணத்தோடு போவதை நான் ஆதரிக்கவில்லை. நிரந்தர வதிவாளர் நாட்டில் எங்கும் வாழலாம் என்பது அரசியலமைப்பின் உரிமைச் சாசனம் தந்த உரிமை. ஆனாலும் அந்த ஊரில் வாழும் எண்ணம் உண்டு என்று சொல்லித்தான் விண்ணப்பிக்கிறோம். ஒருவர் அதைப் பொய்யாக்கினால், அவருக்குப் பின்னால் வருகிற பிள்ளையை அந்த முதலாளி நம்பமாட்டார்.

இனி வீடு. ரொறன்ரோப் பெரும்பாகத்தின் சராசரி வீட்டு விலையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் தண்டர் பேயின் சராசரி இருக்கிறது. ஸ்காபரோவில் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அங்கே பின்வளவோடு சொந்த வீடு சாத்தியம். அது உண்மை. கூடவே சேர்த்துப் பார்க்க வேண்டியவையும் உண்டு. பழைய பகுதிகளில் பல வீடுகள் முதலாம் உலகப் போர்க் காலத்தவை. பழைய மின்கம்பி இருந்தால் காப்புறுதி எடுப்பதே சிரமம். 2012 மே மாதப் பெருமழையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே வெள்ளத்தில் மூழ்கி, ஏராளமான வீடுகளின் பேஸ்மென்டுக்குள் கழிவுநீர் ஏறியது. ஆகவே எந்த வீடானாலும் பேஸ்மென்டைத்தான் முதலில் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐம்பது வருடமாக ஆள்தொகை ஏறாத ஊரில், அவசரத்துக்கு வீட்டை விற்க வாங்குபவரைத் தேடவேண்டி வரலாம். ரொறன்ரோவில் நம்மவர்கள் வீட்டைச் சேமிப்பாகப் பார்த்துப் பழகிவிட்டார்கள். அங்கே வீடு குடியிருக்க மட்டும்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வேலை. அதிலும் இரண்டாவது ஆளின் வேலை.

ரொறன்ரோவில் நீங்கள் ஏறும் சப்வே, ஸ்ட்ரீட்கார், கோ ரயிலின் இரட்டைத் தட்டுப் பெட்டி பெரும்பாலும் தண்டர் பேயின் தொழிற்சாலையொன்றில் செய்யப்பட்டவை. 1912-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை இரண்டாம் உலகப் போரில் ஹரிக்கேன் போர் விமானங்களை, 1,400-க்கு மேல், செய்து அனுப்பியது. அப்போது அதன் தலைமை விமானப் பொறியியலாளராக இருந்தவர் எல்சி மக்கில் என்ற பெண். இவ்வளவு பெருமை உள்ள இடத்தில், ரொறன்ரோவின் ஒப்பந்தங்கள் முடியப்போகின்றன என்றதும் 2019-இல் 550 பேருக்கு வேலை இல்லை என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பு, 2000-களில் காகித ஆலைகளும் மர ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஒரு சில பெரிய முதலாளிகளை நம்பியிருக்கும் ஊரில் ஒரு லே-ஓஃப் என்பது ஒரு வீட்டோடு முடிவதில்லை. தொழிற்சாலைக்காரர் செலவைக் குறைத்தால் தச்சருக்கும் உணவகக்காரருக்கும் வேலை குறைகிறது. ரொறன்ரோவில் ஒரு கம்பனி மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். இங்கே அடுத்த பெரிய கனடிய நகரமான வின்னிபெக் 700 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

சம்பளம் ஓரளவு உறுதியாக இருக்கும் இடங்கள் மருத்துவமனை, பாடசாலை, லேக்ஹெட் பல்கலைக்கழகம், கல்லூரி, அரசு அலுவலகங்கள். தாதியர், மின்தொழிலாளர், கனரக இயந்திரம் திருத்துவோர் போன்றோரை ஊர் கைநீட்டிக் கூப்பிடுகிறது. நமது குடும்பங்களில் வழக்கமாக நடப்பது இதுதான்: கணவருக்கோ மனைவிக்கோ நல்ல வேலை கிடைக்கிறது, மற்றவர் "போய்ப் பார்ப்பம்" என்று கூடப் போகிறார். அந்த மற்றவர் கணக்காளராகவோ மென்பொருள் ஆளாகவோ இருந்தால், அவருக்கு அங்கே விளம்பரமாகும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்றால், அந்த அனுமதியை எழுத்தில் வாங்காமல் புறப்படக் கூடாது. வடக்கே போன குடும்பம் திரும்பி வருவதற்குக் குளிரைவிட, வீட்டில் ஒருவர் நாள் முழுதும் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருப்பதே பெரிய காரணமாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

வடக்கே இன்னொரு வாக்குறுதியும் அடிக்கடி காதில் விழும்: நெருப்பு வளையம் என்று பெயரிட்ட கனிமப் பகுதி. தண்டர் பேயிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் அப்பால், சதுப்பு நிலத்தில், 2000-களின் பிற்பகுதியில் குரோமைட் கண்டுபிடித்தார்கள். "இதோ வருகிறது" என்று அரசியல்வாதிகள் அன்றிலிருந்தே சொல்கிறார்கள். அதை நம்பி யாரும் மோட்கேஜ் எடுக்க வேண்டாம்.

அடுத்தது வருத்தம் வந்தால் என்ன செய்வது என்பது. 2004-இல் திறந்த பெரிய மருத்துவமனை இருக்கிறது, புற்றுநோய்ச் சிகிச்சையும் உண்டு. வடக்கில் தங்கும் டொக்டர்களை உருவாக்கவென்றே 2005-இல் ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அப்படியிருந்தும் குடும்ப டொக்டர் கிடைக்காதவர்கள் ஏராளம். இதய அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்கு நோயாளிகளைத் தெற்கே அனுப்புவதுதான் நீண்டகால வழக்கம். நிபுணரைப் பார்க்க 100 கிலோமீட்டருக்கு அப்பால் போக வேண்டியவர்களுக்கு மாகாண அரசு பயண உதவிப்பணம் தருகிறது. அது முழுச் செலவையும் ஈடுசெய்யாது. அம்மா அப்பாவைக் கூடவே வைத்துப் பார்ப்பவர்கள், அவர்களுக்கு நீரிழிவோ இருதய வருத்தமோ இருந்தால், இந்தப் பந்தியை இன்னொரு முறை வாசியுங்கள்.

தூரம் என்பதை வரைபடத்தில் பார்த்தால் விளங்காது. ரொறன்ரோவிலிருந்து காரில் போனால் நிற்காமல் ஓடினாலும் பதினைந்து, பதினாறு மணித்தியாலம். பாதையின் பெரும்பகுதி போக ஒன்று வர ஒன்று என்ற இரண்டே தடம். எதிரே பார லொறி, பொழுதுபட்டால் குறுக்கே மூஸ் மான். 2016 ஜனவரி 10 அன்று, தண்டர் பேக்குக் கிழக்கே நிபிகான் ஆற்றின் புதிய பாலத்தில் ஆணிகள் அறுந்து, பாலத்தளம் சுமார் 60 சென்ரிமீட்டர் மேலெழுந்தது. திறந்து சில வாரங்களே ஆகியிருந்த பாலம். கனடாவுக்குள் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் வாகனப் பாதை அந்த இடத்தில் அது ஒன்றுதான். சுற்றிப் போவதென்றால் அமெரிக்காவுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். பயணிகள் ரயில் 1990-இலேயே நின்றுவிட்டது. கிரேஹவுண்ட் பஸ் 2018-இல் நின்றது. பிறகு மாகாண அரசின் பஸ் வந்தது. விமானம் இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்விடும், ஆனால் நமக்குக் கலியாணவீடும் செத்தவீடும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கடைசி நேரத்தில் நான்கு பேருக்கு ரிக்கட் எடுக்கும் செலவை வருடத்துக்கு இரண்டு முறையாவது கணக்கில் வையுங்கள்.

குளிரை இவ்வளவு பின்னுக்குத் தள்ளியதற்குக் காரணம், அதைச் சமாளிக்கலாம் என்பதுதான். தண்டர் பே உண்மையில் வன்கூவருக்கும் பாரிசுக்கும் தெற்கே இருக்கிறது. கடலின் அணைப்பு இல்லாத நடுக்கண்டம் என்பதால்தான் ஜனவரி இரவுகள் மைனஸ் 20-க்குக் கீழே போகின்றன, சில இரவுகளில் மைனஸ் 30. நல்ல ஃபர்னஸ், விண்டர் டயர், இரவில் சுவர்ப் பிளக்கில் செருகி இயந்திரத்தைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் இருந்தால் வேலைக்கும் பாடசாலைக்கும் ஒரு குறையும் வராது. பதிலாக ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம், பத்து நிமிடத்தில் வேலைத்தலம், அரை மணித்தியாலத்தில் ககபெக்கா நீர்வீழ்ச்சி. ரொறன்ரோவில் தினமும் 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலத்தைத் தொலைக்கும் தகப்பனுக்கு அந்த நேரம் பிள்ளைகளிடம் திரும்பி வருகிறது. இந்த ஒன்றுக்காகவே போகலாம் என்று சொல்பவர்களோடு நான் வாதாடமாட்டேன்.

வீடு விற்பவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1850-ஆம் ஆண்டின் ரொபின்சன்–சுப்பீரியர் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட பூர்வகுடி நிலம் இது. ஊரை ஒட்டியே ஃபோர்ட் வில்லியம் முதற்குடியினரின் குடியிருப்பு இருக்கிறது. வடக்கே விமானம் மட்டும் போகும் பூர்வகுடிக் கிராமங்கள் பலவற்றில் உயர்நிலைப் பாடசாலை இல்லை. அங்கிருந்து பதின்ம வயதில் தாய் தகப்பனைப் பிரிந்து படிக்க வந்த ஏழு பிள்ளைகள் 2000-க்கும் 2011-க்கும் இடையில் தண்டர் பேயில் இறந்தார்கள். ஐந்து பேரின் உடல்கள் நீரிலிருந்து எடுக்கப்பட்டன. 2016-இல் முடிந்த மரண விசாரணை 145 பரிந்துரைகளைத் தந்தது. 2018-இல் மாகாணக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று, நகரப் பொலிஸில் பூர்வகுடியினருக்கு எதிரான பாகுபாடு நிறுவன அளவில் இருக்கிறது என்று எழுதியது. கனடாவின் நகர்ப்பகுதிகளில் கொலை வீதம் மிக அதிகமானதாகப் பல வருடங்கள் பதிவானதும் இந்த ஊர்தான். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. படிக்க அனுப்பிய பிள்ளை திரும்பி வராத வீடு எப்படி இருக்கும் என்பது ஈழத்திலிருந்து வந்த நமக்குத் தெரியும். அங்கே குடியேறும் தமிழர்கள், "அவர்கள் அப்படித்தான்" என்ற ஊர்ப்பேச்சை முதல் வாரத்திலேயே கேட்பார்கள். அதைத் திருப்பிச் சொல்லாதிருப்பதும், பிள்ளைகளுக்கு அந்த ஏழு பேரின் கதையைச் சொல்வதும் குடியேறுபவரின் கடமை.

தமிழ்? ரிச்மண்ட் ஹில் பிள்ளையாரும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் கொத்துரொட்டிக் கடையும் அடுத்த சந்தியில் இராது. ஆனால் சிறு கூட்டம் சிறு ஊரில் கால் ஊன்ற முடியும் என்பதற்கு அங்கேயே சாட்சி உண்டு. மரம் வெட்ட வந்த பின்லாந்துத் தொழிலாளர்கள் 1910-இல் சொந்தமாக ஒரு மண்டபம் கட்டினார்கள். 1918-இல் அதன் அடித்தளத்தில் கூட்டுறவு உணவகம் திறந்தார்கள். நூறு வருடங்களுக்கு மேல் அது அவர்களைச் சேர்த்து வைத்தது. 2021 டிசம்பரில் தீ அதை அழித்தபோது ஊரே அழுதது. யாராவது செய்து தருவார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு வகுப்புத் தொடங்கலாம். அதைத் தொடங்கும் ஆளாக இருக்க விருப்பமில்லாதவர்கள் ரொறன்ரோவிலேயே இருப்பது நல்லது.

என் முடிவு இது. இரண்டு பேருக்கும் வேலை உறுதி, வீட்டில் கடும் நோயாளர் இல்லை, பிள்ளைகள் ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லை என்றால் போங்கள், நல்லாக வாழலாம். ஒரு வேலையும் மலிவு வீட்டு ஆசையும் மட்டும் இருந்தால் பொறுங்கள். எப்படியானாலும் முதல் வருடம் வாடகைக்கு இருங்கள், ரொறன்ரோத் தொடர்புகளை அறுக்காதீர்கள். ஊர் பார்க்க ஜூலையில் போகாதீர்கள். ஜூலையில் எந்த ஏரிக்கரையும் அழகுதான். பெப்ரவரியில், கணவனும் மனைவியும் சேர்ந்து, ஒரு கிழமை லீவு எடுத்துப் போங்கள். அங்கே நிற்கும்போதே குடும்ப டொக்டர் எடுக்கும் கிளினிக்குகளுக்குப் போன் பண்ணுங்கள், பிள்ளைகளின் பாடசாலை வாசலில் மணி அடிக்கும் நேரத்தில் நில்லுங்கள், இரண்டாவது ஆளுக்கு இரண்டு நேர்முகத்தையாவது முடித்துக்கொண்டு வாருங்கள்.