மெட்ராஸுக்கு ஒரு கடிதம், புறாத் தோல் வேண்டி

தபால் சுமந்த அறிவியல் – 9

1856 ஜனவரி 23 அன்று, லண்டனுக்குத் தென்கிழக்கே டௌன் என்ற சிற்றூரிலிருந்து சார்லஸ் டார்வின் ஒரு கடிதம் எழுதினார். பெறுநர் வால்டர் எலியட், மெட்ராஸ் கவர்னரின் ஆலோசனை சபை உறுப்பினர். நான்கு மாதங்களுக்கு முன் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் இருவரும் சந்தித்திருந்தார்கள். ஏதாவது உதவி வேண்டுமென்றால் பார்க்கலாம் என்று எலியட் அங்கே சொல்லியிருக்கிறார். கூட்டங்களில் நாமெல்லாம் சொல்கிற பேச்சுத்தான். பெரும்பாலும் ரயில் ஏறும்போதே மறந்துபோகும். டார்வின் விடுகிற ஆள் இல்லை. அந்தப் பேச்சை நினைவூட்டித்தான் கடிதத்தைத் தொடங்குகிறார்.

அவர் கேட்டது தோல். மனிதர் அதிகம் போய்வராத ஊர்களில், பல தலைமுறையாக வீட்டில் வளர்க்கப்பட்ட புறா, கோழி, முயல், பூனை இவற்றின் தோல். நாயும் சரிதான், ரொம்பப் பெரியதாக இல்லாதவரை! முந்தைய மாதமே இதே வேண்டுகோளை ஒரு தாளில் எழுதி, வெளிநாடுகளில் இருக்கும் யார் யாருக்கு அனுப்பலாம் என்று பெயர்ப் பட்டியலும் போட்டு வைத்திருந்தார். அதில் ஒருவர் எலியட்.

டார்வின் என்றவுடன் கப்பலும் ஆமைத் தீவும்தான் நம் நினைவுக்கு வரும். பீகிள் கப்பல் 1836இல் ஊர் திரும்பியது. அதற்குப் பிறகு 1882இல் சாகும்வரை அந்த மனிதர் பிரிட்டனை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. உடம்பு சரியில்லாதவர், வாந்தி ஓயாதவர், மனிதர் கூட்டம் என்றால் ஒதுங்குபவர். உலகம் அவர் வீட்டுக்குத் தபாலில் வந்தது. இன்று நமக்குத் தெரிந்தவரை அவர் எழுதியதும் பெற்றதுமாகச் சுமார் 15,000 கடிதங்கள். எதிர்முனையில் ஏறக்குறைய 2,000 பேர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1974இல் தொடங்கிய பதிப்புப் பணி 30 தொகுதிகளாக 2023இல்தான் முடிந்தது. கடிதங்களைப் பதிப்பிக்கவே ஏறத்தாழ அரை நூற்றாண்டு!

அந்தக் கடிதங்களை வரிசையாகப் படித்தால் தெரிவது, டார்வினுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது என்பதுதான். இதை நான் ஒரு தனித் திறமையாகவே நினைக்கிறேன். தொந்தரவுக்கு மன்னிப்போடு தொடங்குவார். அடுத்து, எதற்காகக் கேட்கிறேன் என்று விளக்குவார். எது வேண்டும், எது வேண்டாம் என்பதில் குழப்பமே இருக்காது. கடைசியில், நேரம் இல்லையென்றால் இதை மறந்துவிடுங்கள் என்ற தொனியில் ஒரு வரி. அதைப் படித்த யாராலும் மறக்க முடியாது. அடக்கமாகக் கேட்டே ஆளை வேலை வாங்கிவிடுவார்.

இனி எலியட். சென்னையின் எலியட்ஸ் பீச்சுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயர் மாஜிஸ்திரேட்டாக இருந்த எட்வர்ட் எலியட்டுக்கு உரியது. நம் வால்டர், 1803இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 1820இல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்தவர். இளம் அதிகாரியாகத் தார்வாட் பக்கம் இருந்தபோது, 1824 அக்டோபரில் கித்தூர் ராணி சென்னம்மாவின் படை கம்பெனிப் படையை அடித்து நொறுக்கியது. கலெக்டர் தாக்கரே கொல்லப்பட்டார் (நாவலாசிரியர் தாக்கரேயின் சித்தப்பா அவர்). உயிரோடு பிடிபட்ட இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகளில் ஒருவர் எலியட். சில வாரங்கள் கித்தூர்க் கோட்டையில் கைதி. பெங்களூர் சிட்டி ஸ்டேஷனுக்கு இப்போது யார் பெயர்? சங்கொள்ளி ராயண்ணா. அந்த ராணியின் படையில் இருந்தவர். பொம்மனஹள்ளியிலிருந்து தீபாவளிக்கு ஊருக்குப் போக அந்த ஸ்டேஷனில் வண்டி பிடிக்கிறவர்கள், டார்வினுக்குப் புறா அனுப்பியவரைச் சிறைபிடித்தவர்களின் பெயரைத் தாண்டித்தான் பிளாட்பாரத்துக்குப் போகிறார்கள்.

சிறை கண்டவர் இந்த நாட்டை வெறுத்திருக்கலாம். எலியட் நேர்மாறு. கர்நாடகப் பகுதிக் கல்வெட்டுகளை நூற்றுக்கணக்கில் படியெடுத்தார். தென் மராட்டிய நாட்டின் பாலூட்டிகள் பற்றி 1839இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 1845இல் அமராவதி ஸ்தூபத்தைத் தோண்டிச் சிற்பங்களை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். பின்னர் அவற்றில் பெரும்பகுதி லண்டனுக்குப் போய்விட்டது, அது வேறு வழக்கு. மூங்கில் அணத்தான் என்று நம் மலைக்காடுகளில் சொல்லப்படும் சிறு பிராணியின் அறிவியல் பெயரில் இன்றும் எலியட் இருக்கிறார். காசு, கல்வெட்டு, செடி, எலி என்று எதையும் விடாத மனிதர். டார்வின் சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறார்.

சரி, புறா எதற்கு? கழுத்தை ஊதிப் பந்தாக்கும் புறா, மூக்கின் மேல் சதை தொங்கும் புறா, பறக்கும்போதே கர்ணம் அடிக்கும் புறா, மயில்போல வாலை விரிக்கும் புறா. சாதாரணப் புறாவுக்கு வால் இறகு 12 அல்லது 14. மயில் புறாவுக்கு 30, சிலவற்றுக்கு 40கூட உண்டு. இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் காட்டுப் புறா இனத்திலிருந்து வந்தவை என்று புறா வளர்ப்பவர்கள் சத்தியம் செய்தார்கள். இல்லை, எல்லாம் ஒரே மாடப்புறாவின் பிள்ளைகள் என்றார் டார்வின். மனிதன் தேர்ந்தெடுத்துப் பெருக்கியே இத்தனை வேறுபாடு வரும் என்றால், இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகளில் என்ன செய்யாது? அவருடைய வாதத்தின் அடிக்கல் இதுதான். அதற்கு இங்கிலாந்துப் புறாக்கள் மட்டும் போதாது. புறா வளர்ப்பில் பழம் தின்று கொட்டை போட்ட நாடு இந்தியா. அக்பரின் அவை எங்கே போனாலும் 20,000 புறாக்கள் கூடவே போயின என்பதை டார்வினே தன் நூலில் எழுதுகிறார்.

இந்தக் கதையின் அறிவியல் எனக்கு முழுதாகப் பிடிபட்டது புத்தகத்தில் அல்ல, ஒரு மொட்டை மாடியில். பொம்மனஹள்ளியில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒருவர் புறா வளர்க்கிறார். தருமபுரிப் பக்கத்துக்காரர், ஓசூர் ரோட்டு கார்மென்ட்ஸ் ஒன்றில் வேலை. பலகைக் கூண்டு, மேலே வலை, ஓரத்தில் கம்பும் சோளமும் கலந்த டப்பா. ஒரு புறாவை எடுத்து, இரண்டு கால்களையும் விரலிடுக்கில் செருகி, றெக்கையை விசிறிபோல விரித்துக் காட்டினார். ஜாதி கலந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்தா குஞ்சு கலப்படமா வரும் சார். அதுங்களையே ஜோடி போட்டீங்கன்னா, பேரன் காலத்துல மாடப்புறா கலர்ல ஒண்ணு வந்து நிக்கும். நீலம், றெக்கையில ரெண்டு கறுப்புப் பட்டை. அது விலைக்கும் போகாது, பந்தயத்துக்கும் ஆகாது.”

டார்வின் தன் வீட்டுத் தோட்டத்தில் செய்துபார்த்தது இதேதான். வெள்ளை மயில் புறாவையும் பார்ப் என்ற ஜாதியின் கறுப்புப் புறாவையும் சேர்த்தார். பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டான குஞ்சுகள். அவற்றைத் தங்களுக்குள் சேர்க்க, பேரப்பிள்ளைகளில் ஒன்று அசல் மாடப்புறா நிறத்தில் பிறந்தது. மாடி வீட்டுக்காரருக்கு நஷ்டம். டார்வினுக்கோ அதுதான் புதையல். பாட்டன் முகம் பேரனில் எட்டிப் பார்க்கிறது என்றால், இரண்டு ஜாதிக்கும் பாட்டன் ஒருவனே.

இதில் இந்தியத் தோல்களுக்கு ஒரு தனி வேலை இருந்தது. ஐரோப்பிய மாடப்புறாவின் இடுப்பு, அதாவது வாலுக்கு மேலே உள்ள முதுகுப் பகுதி, வெள்ளை. இந்திய மாடப்புறாவுக்கு அந்த இடம் நீலச் சாம்பல். இந்த வேறுபாட்டையும் டார்வின் தன் நூலில் விடாமல் குறித்திருக்கிறார். சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போகும் மேம்பாலத்தின் அடியில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் புறாக்கள் பறந்து எழும்போது முதுகைப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்குச் சாம்பல்தான். சிக்னலில் நிற்கும் நேரத்துக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியாது.

எலியட் வேலையை முடித்துக் கொடுத்தார். மெட்ராஸிலிருந்து தோல்கள் கப்பலேறின. ஒரு தோல் என்பது சும்மா காரியம் இல்லை. புறாவின் வயிற்றைக் கீறி, இறகு கசங்காமல், ரத்தம் படாமல் தோலை உரிக்க வேண்டும். மண்டையோடும் கால் எலும்பும் தோலோடேயே தங்க வேண்டும், அலகையும் பாதத்தையும் அளக்க அவை தேவை. உள்ளே பூச்சி அரிக்காமல் மருந்து தடவி, பஞ்சு அடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். மெட்ராஸ் வெயிலில் தாமதித்தால் நாறிவிடும். இந்த வேலையையெல்லாம் கவர்னர் சபை உறுப்பினர் உட்கார்ந்து செய்திருப்பார் என்று நம்பச் சொல்கிறீர்களா? சந்தையில் புறாவைத் தேடிப் பிடித்தவர், ஜாதிப் பெயரைச் சொன்னவர், உரித்தவர் என்று ஒரு கூட்டம் எலியட்டுக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும்.

தோலோடு இன்னொன்றும் போனது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. 1770இல் காலமான சையது முகமது முசாரி என்பவர் புறாக்களைப் பற்றிப் பாரசீக மொழியில் எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. எலியட் அதை டார்வினுக்குக் கிடைக்கச் செய்தார். புறா இனங்கள் காலப்போக்கில் மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டுமானால் பழைய வர்ணனை வேண்டும். ஐரோப்பாவில் அதற்கு 17ஆம் நூற்றாண்டுப் பறவை நூல்கள் உண்டு. இந்தியப் புறாக்களுக்கு அந்த இடத்தில் வந்து நின்றவர் முசாரி. 1868இல் வெளியான, வளர்ப்பு உயிர்களின் வேறுபாடுகள் பற்றிய பெருநூலில் முசாரியின் பெயரும் இருக்கிறது, மொழிபெயர்ப்புக்காக எலியட்டுக்கு நன்றியும் இருக்கிறது. மொழிபெயர்த்த முன்ஷி யாராக இருந்தாலும், அவர் பெயர் இல்லை.

டார்வின் நன்றி மறந்தவர் அல்ல. தகவல் தந்தவர் ஒவ்வொருவரையும், அவர் தோட்டக்காரராக இருந்தாலும், பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அவர் வழக்கம். அந்தக் காலத்து அறிஞர்களில் இது அபூர்வம். ஆனால் பெயர், கடிதம் எழுதியவரோடு நின்றுவிடும். கடிதம் எழுத ஆங்கிலமும் மேசையும் வேண்டும். மெட்ராஸ் புறாச் சந்தைக்காரரிடம் இரண்டும் இல்லை. அவர் சொன்னது எலியட் சொன்னதாக டௌனுக்குப் போய்ச் சேர்ந்தது.

1859 நவம்பரில் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளியானது. முதல் அத்தியாயத்திலேயே இந்தியாவிலிருந்து தோல் அனுப்பிய எலியட்டுக்கும் பாரசீகத்திலிருந்து அனுப்பிய முர்ரேக்கும் நன்றி. அச்சுக்குப் போகுமுன் கைப்பிரதியைப் படித்த விட்வெல் எல்வின் என்ற பத்திரிகை ஆசிரியர், இத்தனை வம்பு எதற்கு, பேசாமல் புறாவைப் பற்றி மட்டும் ஒரு புத்தகம் போடுங்கள், எல்லோருக்கும் புறா பிடிக்கும் என்று பதிப்பாளருக்கு யோசனை சொன்னார். நல்லவேளை, டார்வின் கேட்கவில்லை.

எலியட்டுக்கு அந்த இடைப்பட்ட ஆண்டுகள் வேறு மாதிரி போயின. 1857 கலகம் வந்தது, கம்பெனி ஆட்சி போனது. கவர்னர் ஹாரிஸ் பிரபு நோய்வாய்ப்பட்டிருந்ததால், 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா மகாராணியின் பிரகடனத்தை மெட்ராஸில் வாசித்தவர் எலியட். 1860இல் ஓய்வு பெற்று ஸ்காட்லாந்தின் வுல்ஃபிலீ போய்ச் சேர்ந்தார். கடைசிக் காலத்தில் கண் பார்வை போய்விட்டது. தென்னிந்திய நாணயங்கள் பற்றிய புத்தகத்தை அந்த நிலையில்தான் முடித்தார். 1887 மார்ச் 1 காலையில் ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்து, தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார். அன்றே இறந்துபோனார். கடிதம் யாருக்கு என்றால், ஜி.யு. போப்புக்கு. விஷயம், போப்பின் திருக்குறள் பதிப்பு.

எலியட்டுக்கு அரசாங்கப் பதவி இருந்தது, சம்பளம் இருந்தது. இரண்டும் சரியாக இல்லாமல் கல்கத்தாவிலிருந்து டார்வினுக்குப் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த எட்வர்ட் பிளித், 1855 டிசம்பரில் இயற்கையியலாளர் வாலஸின் கட்டுரையைப் படித்தீர்களா என்று கேட்டு ஒரு கடிதம் போட்டார். டார்வின் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)