முதியோர் உளமருத்துவத்தில் மீட்டும் அளத்தல்

உடல்வெப்பமானி காலையில் ஒரு தாதியின் கையிலும் மாலையில் மற்றொரு தாதியின் கையிலும் ஒரே தன்மையாய் இயங்கும். மறதிநோயுற்ற முதியவர் ஒருவரின் அமைதியின்மையை அளப்பதோ அங்ஙனமன்று. ஈண்டுக் கருவியாவது காண்பாரின் கண்ணும் நினைவுமேயாம். ஆகவே முதன்முறை 60 எனவும் மறுமுறை 50 எனவும் எண் வரின், மாறியவர் நோயாளியா, நோக்கியவரா என்னும் வினா எழுகின்றது.

இத்துறையிற் பெரிதும் வழங்கும் அளவுகோல் கோகன்-மான்ஸ்பீல்ட் அமைதியின்மை அட்டவணை. இலக்கின்றி உலாவுதல், கூச்சலிடுதல், அடித்தல் முதலிய 29 செயல்கள் கடந்த இரு கிழமைகளில் எத்துணை முறை நிகழ்ந்தன என்பதற்குப் பராமரிப்போர் கூறுவதைக் கொண்டு 1 முதல் 7 வரை எண்ணிடுவர். நன்கு ஆராய்ந்து அமைத்த கருவியே. எனினும் இந்நோயாளர் பலர்க்குப் பொழுதுசாயும் வேளையிற் கலக்கம் மிகும். பகல்முறைத் தாதி அறிந்த கிழவரும் இரவுமுறைத் தாதி அறிந்த கிழவரும் இருவேறு மனிதர் போலத் தோன்றுதல் வியப்பன்று. முதலெண்ணை ஒருவரும் அடுத்ததை மற்றவரும் இட்டனராயின், அங்கு அளக்கப்பட்டது பணிமுறையின் மாற்றமேயாகலாம்.

இருவர் ஒத்துக் கூறினால் அமையாதோ எனின், அமையாது. 100 நாள்களில் 90 நாளை ‘அமைதி’ என்றும் 10 நாளைக் ‘கலக்கம்’ என்றும் இரு தாதியர் நோயாளியைப் பாராமலே தனித்தனி குறிப்பினும், ஏறத்தாழ 82 நாள் தற்செயலாகவே ஒத்துவிடும். ஆதலின் 86 நாள் ஒத்தனர் எனப் பெருமை பாராட்டுதல் வீண். தற்செயல் போக எஞ்சிய 18இல் அவர்கள் ஈட்டியது 4 மாத்திரமே, அஃதாவது 0.22. ‘கப்பா’ எனப்படும் இக்கணக்கை 1960இல் வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோகன். (மேற்கூறிய அட்டவணைக்குரியவர் வேறொருவர்.)

இதனினும் நுண்ணியதோர் இடர் உண்டு. அளவுகோலை எடுப்பது பெரும்பாலும் நோயாளி மிகக் கலங்கிய காலத்திலேயாம். கலக்கமோ ஏறியிறங்கும் இயல்பினது. மருந்தே கொடாவிடினும் அடுத்த அளவு பெரும்பாலும் தணிந்தே காணப்படும். அத்தணிவை மருந்தின் பயனாகக் கொள்ளின் மருந்து நிறுத்தப்படமாட்டாது. மறதிநோயுற்ற முதியோர்க்குப் புதியவகை உளநோய் மருந்துகளால் இறப்பு மிகுகின்றதென ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2005இல் எச்சரித்தது. 2008இற் பழையவகை மருந்துகளுக்கும் அவ்வெச்சரிக்கையை விரித்தது. எண்ணிற் பிழை உயிரிற் பிழையாவது இவ்விடத்தேதான்.

ஆதலின், உடனே தீங்கு நேருமென்னும் அச்சமில்லாதவிடத்து, மருந்து தொடங்குமுன் ஓரளவோடு அமையாது இரண்டு மூன்று அளவுகளை ஒருவரே எடுத்துவைத்தலும், இருமுறைத் தாதியரும் தாம் கண்டவற்றைக் கலந்துரைத்தலும் வேண்டும். ஆட்குறைவுள்ள விடுதிகளில் இஃது எளிதன்றென்பர். ஒருமுறை எண்ணிட ஏறத்தாழக் கால்மணி நேரமே செல்லும்.