ஆளை அளக்கும் தாள்

"மில்லை மாத்தப்போறம்னு எம்பையனுக்குக் கேள்வித்தாள் குடுத்தாங்க. கூச்ச சுபாவம்னு எழுதிப் பின்கட்டு வேலைக்கு அனுப்பிட்டாங்க. இது என்ன கணக்குங்க?" அயோத்தியாப்பட்டணத்துத் தறிக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டது.

கணக்கு இதுதான். உளவகைகள் குறித்து யுங் 1921இல் எழுதியதை அடியொற்றி, அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய சோதனை மனிதரை 16 வகையாகப் பிரிக்கிறது. நிறுவனத்தை மாற்றவரும் ஆலோசகருக்கு இப்படிப்பட்ட தாள்கள் கைக்கருவி. ஒரு குழு, தனக்குள் யார் மாற்றத்தை எப்படி எதிர்கொள்கிறார் என்று பேசத்தொடங்க அது உதவலாம். ஆளைப் பொறுக்கவோ கழிக்கவோ அதைப் பயன்படுத்தக்கூடாது என்று மையர்ஸ்-பிரிக்ஸ் அமைப்பினரே சொல்கிறார்கள்.

1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையில் தாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் செய்தது வேறு. தானியங்கித் தறி வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. அவர் யாருடைய சுபாவத்தையும் அளக்கவில்லை. 12 வகை வேலைகளாகச் சிதறிக்கிடந்த தறிக்கூடத்தை 7 பேர் கொண்ட குழுக்களாக மாற்றியமைத்தார்கள். உற்பத்தி கூடியது, சேதம் குறைந்தது.

ஆக, 'சுபாவம்' என்று நாம் எழுதிவைப்பதில் பாதி, வேலை பங்கிடப்பட்ட விதத்தின் விளைவு. தாள் அதை மறைத்து, பழியை ஆள்மேல் போடுகிறது. அதிகாரத்துக்கு இது வசதி. தறிக்காரரிடம் சொன்னேன்: "பையன் எப்படிப்பட்டவன்னு கேட்டாங்கல்ல, அந்த வேலை எப்படிப்பட்டதுன்னும் அவனைக் கேக்கச் சொல்லுங்க."