கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள்

கடையில் இரண்டு தரைக் கம்பளங்கள். அளவும் பூவேலையும் ஒன்றுபோல் இருக்கின்றன. விலையோ பல மடங்கு வேறுபடுகிறது. எதை வாங்குவீர்கள்? முதலில் இரண்டையும் புரட்டிப் பாருங்கள்.

பூவேலை பின்புறத்திலும் தெளிவாகத் தெரிந்து, முடிச்சுகள் சற்றே சீரற்று இருந்தால் அது கையால் முடிச்சிட்டது. சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்று கொண்டால், 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள கம்பளத்தில் 3,45,600 முடிச்சுகள்! ஒருவர் நாளொன்றுக்கு 6,000 முடிச்சு போட்டாலும் ஏறத்தாழ 58 நாள் வேலை. விலையின் பெரும்பகுதி இந்த உழைப்பே.

பின்புறம் துணி ஒட்டியிருந்தால், இழைகளைப் பிடித்திருப்பது ரப்பர்ப் பசை. நாளடைவில் பசை வறண்டு உதிரும், இழைகளும் கழலும். இதற்கு முடிச்சுக் கம்பளத்தின் விலையைக் கொடுக்க வேண்டாம்.

இழை எது என்பதையும் அறியலாம். கடைக்காரரிடம் ஓர் இழை கேட்டு வாங்கி, பெரியவர் துணையுடன் இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் எளிதில் நொறுங்கினால் அது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் செயற்கை இழை. கம்பளி இழை இயல்பாகவே சுருண்டது. ஆகவே மிதித்தாலும் மீண்டும் நிமிரும். பாலிபுரோப்பிலீன் இழை நீரை உறிஞ்சாது. ஆனால் மிதிபட்டு விரைவில் படிந்துவிடும்.

ஆகவே, பல்லாண்டு கிடக்கவேண்டிய கூடத்துக்கு முடிச்சிட்ட கம்பளிக்குச் செலவிடலாம். குழந்தைகள் உண்டு சிந்தும் இடத்துக்குத் துவைக்கக்கூடிய பருத்தி ஜமக்காளமே போதும்.