பருத்த உடலுக்கேற்ற சைக்கிள் சக்கரம்

ஊர்விட்டு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் நாற்பது வயதைக் கடந்தோர் பலர் இந்நாளில் மீண்டும் சைக்கிளை நாடுகின்றனர். நின்ற இடத்தில் வேலை, முறை மாறும் இரவுப்பணி, நேரந்தவறிய உணவு ஆகியவற்றால் உடல் பருத்து, நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் தலைகாட்டியபின், மருத்துவர் உடற்பயிற்சி செய்யுமாறு வற்புறுத்துகின்றார். பருத்த உடலினர்க்கு ஓட்டம் முழங்காலை வருத்தும். சைக்கிளோ உடலின் சுமையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. ஆதலின் அவர்கள் ‘ரோடு பைக்’ என்று வழங்கும் மெல்லிய சக்கர வண்டியை விரும்பி வாங்குகின்றனர். சில மாதங்களில் பின்சக்கரக் கம்பியொன்று முறிகிறது. அதை மாற்றியதும் மற்றொன்று முறிகிறது. ‘இந்த உடம்புக்கு இந்த வண்டி ஆகாது’ என்று மனம் சலித்து, வண்டியைச் சுவரில் சாய்த்துவிடுகின்றனர். உடம்பின்மேல் பழி போடுவது தகாது. குறை சக்கரத்தில் உள்ளது. அதனை மாற்றிக்கொள்ளும் வழியை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

நம் சாலைகள்

சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்துள்ள வரதய்யபாளையம், சைக்கிள் அன்பர்களுக்குப் புதிய ஊரன்று. சென்னையிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 16 வழியே தடாவை அடைந்து, காளத்தி செல்லும் சாலையில் மேற்கே திரும்பினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இவ்வூர் வரும். அப்பால் மலையடிவாரத்தில் உப்பலமடுகு அருவி. கிழக்கே பழவேற்காட்டு ஏரி. 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரம் சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா ஆகிய மூன்று மண்டலங்களிலும் பரவியுள்ளது. சரக்கு லாரிகள் செல்லும் சாலையில் சைக்கிளுக்குக் கிடைப்பது ஓரமே. ஓரத்திலோ குழியும் சரளையும் உண்டு. ஏரிப்பக்கத்து உப்புக்காற்றும் உலோகத்தை அரிக்கவல்லது. சக்கரம் தேர்வோர் இவற்றையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

கம்பி முறிவது ஏன்?

மாட்டுவண்டிச் சக்கரத்தில் கீழுள்ள மர ஆரக்கால் தூண்போல் நின்று பாரத்தைத் தாங்கும். சைக்கிள் சக்கரத்தின் இயல்பு வேறு. அதன் கம்பிகள் யாவும் இழுத்துக் கட்டப்பட்டவை. இழுவிசையால் சக்கரத்தை நிறுத்தலாம் என்று இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1808இல் எண்ணினார். கம்பிகளை ஒன்றன் குறுக்கே ஒன்றாகச் சாய்த்துக் கட்டும் முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்றார். இன்றும் சக்கரங்கள் பெரும்பாலும் அம்முறையிலேயே கட்டப்படுகின்றன.

சக்கரம் உருளுகையில், தரையை நோக்கி வரும் கம்பி சற்றே தளர்ந்து, மேலேறும்போது மீண்டும் இறுகும். ரோடு பைக் சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ 2.1 மீட்டர் செல்லும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 475 சுழற்சிகள். 80 கிலோமீட்டர் சென்றால் ஒவ்வொரு கம்பியும் 38,000 முறை தளர்ந்து இறுகுகிறது. ஓட்டுநர் எடை கூடக் கூட, தளர்ச்சியும் கூடுகிறது. அந்த ஓயாத அசைவால், ஹப்பில் கொளுவியிருக்கும் கம்பியின் வளைவு களைத்து முறிகிறது. மென்மையான மயிற்பீலியும் மிகுந்தால் அச்சை முறிக்கும் என்பது குறள் கற்ற நம்மவர் அறிந்ததே. கம்பியை முறிப்பதும் ஒரு பெரும் அடியன்று; எண்ணிறந்த சிற்றடிகளே.

முறிவது பெரும்பாலும் பின்சக்கரமாவதற்கும் காரணமுண்டு. உடற்பாரத்தில் பெரும்பங்கு பின்னால் விழுகிறது. பற்சக்கரங்களுக்கு இடம்விடுவதற்காக வலப்பக்கக் கம்பிகள் நிமிர்ந்தும் மிக இறுகியும், இடப்பக்கக் கம்பிகள் தளர்ந்தும் நிற்கின்றன.

பழைய வண்டி கற்பிக்கும் பாடம்

1949இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூர் ஆலையில் செய்தளித்த ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளை நம் முதியோர் மறந்திரார். அவ்வகைக் கருப்பு வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி என்பது வழக்கம். டயரின் அகலம் ஒன்றரை அங்குலம். பால்காரர் இருபுறமும் பாற்கேன்களைத் தொங்கவிட்டுப் போனதும், தந்தையார் முன்னே ஒரு பிள்ளையும் பின்னே தாயாருமாக ஏற்றிச் சென்றதும் அச்சக்கரங்களின்மேல்தான். இன்றைய விலையுயர்ந்த சக்கரங்கள் சிலவற்றில் 20 அல்லது 24 கம்பிகளே உள்ளன. மெலிந்த பந்தய வீரருக்கு அவை தகும். நூறு கிலோ எடையுள்ள குடும்பத்தலைவருக்குத் தகா.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, கம்பிகளின் எண்ணிக்கை. 90 கிலோவுக்கு மேற்பட்டோர் இரு சக்கரங்களுக்கும் 32 கம்பி கொள்வது நலம். 110 கிலோவைத் தாண்டியோர் பின்சக்கரத்துக்கு 36 கம்பி கேட்டுப் பெறுக. எடை கூடுமே என்று அஞ்சுதல் வேண்டா. பன்னிரண்டு கம்பிகளின் எடை நூறு கிராமுக்கும் குறைவு. 20 கம்பிச் சக்கரத்தில் ஒன்று முறிந்தால் ரிம் கோணி வண்டி நின்றுவிடக்கூடும். 36 கம்பிச் சக்கரத்தில் ஒன்று முறிந்தால் மெல்ல ஓட்டி வீடு சேரலாம்.

இரண்டாவது, கம்பியின் தரம். இருமுனையிலும் 2 மில்லிமீட்டரும் நடுவில் 1.8 மில்லிமீட்டரும் கனமுள்ள கம்பி சிறந்தது. மெலிந்த நடுப்பகுதி சிறிது நீண்டு கொடுத்து, முனையின் வளைவைக் காக்கிறது. சுவிட்சர்லாந்தின் டிடி சுவிஸ், பெல்ஜியத்தின் சேபிம் ஆகியவை இவற்றைச் செய்கின்றன. நிப்பிள் பித்தளையாக இருத்தல் வேண்டும். அலுமினிய நிப்பிளை உப்புக்காற்று விரைவில் கெடுக்கும்.

மூன்றாவது, டயரின் அகலம். 25 மில்லிமீட்டர் டயரினும் 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர், குறைந்த காற்றழுத்தத்தில் குழியின் அடியை வாங்கிக்கொள்ளும். வாங்குமுன் அவ்வகலத்துக்கு ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் இடமுண்டா என்று அளந்து பார்க்க.

நான்காவது, எடை வரம்பு. நிறுவனங்கள் பலவும் தம் சக்கரங்களுக்கு வரம்பு குறித்துள்ளன. சில ஓட்டுநரின் எடையை மட்டும் குறிக்கும். சில வண்டியையும் சுமையையும் சேர்த்துக் குறிக்கும். கார்பன் ரிம்மின் பளபளப்பில் மயங்குமுன் இதனைப் படித்தறிதல் வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய விலையன்றோ அது!

வாங்கிய பின்

எத்துணை உயர்ந்த பொருளாயினும் கட்டும் கையே சக்கரத்துக்கு உயிர். கம்பிகளை விரலால் மீட்டிப் பார்க்க. ஒரே பக்கத்துக் கம்பிகள் யாவும் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலித்தல் வேண்டும். அபசுரம் கேட்டால் அங்கே தளர்வு உண்டு. முதல் 200 கிலோமீட்டர் ஓடியபின் கடைக்குக் கொண்டுசென்று பெண்டு எடுத்துக்கொள்க. கட்டி முடித்ததும் கம்பிகளை இரண்டிரண்டாக அழுத்திப் பிடித்து அவற்றில் எஞ்சி நிற்கும் உள்தகைவைப் போக்கும் வழக்கத்தை, 1981இல் சைக்கிள் சக்கரம் பற்றி நூல் எழுதிய ஜாப்ஸ்ட் பிரான்ட் வலியுறுத்தினார். நல்ல வினைஞர் இதனைத் தவறாது செய்வர்.

ஒரு கம்பி முறிந்தால் அதை மட்டும் மாற்றலாம். மூன்றாவதும் முறிந்தால் எஞ்சியவையும் களைத்துவிட்டன என்று கொள்க. அப்போது ரிம் கோணாமலும் ஹப் கெடாமலும் இருப்பின், புதுக்கம்பி இட்டு மீளக்கட்டினால் போதும். புதுச்சக்கரத்தின் விலை மிஞ்சும்.

அன்பர்களே! குடும்பத்தைத் தாங்குவோரின் உடல்நலம் குடும்பத்தின் முதற் சொத்து. சுவரில் சாய்ந்திருக்கும் வண்டியின் பின்சக்கரக் கம்பிகளை இன்றே எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைவாயின் சக்கரத்தை மாற்றுங்கள், சவாரியை விட்டுவிடாதீர்கள்.