கொல்லிமலைப் பள்ளத்தாக்கு: எரிமலை பிளந்ததா, நீர் செதுக்கியதா?

விடுமுறை வந்தால் நம் இளைஞர்கள் வேன் பிடித்துப் போகும் இடங்களில் ஒன்று, நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஆகாய கங்கை அருவியில் குளித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அருவி விழும் ஆழமான பள்ளத்தாக்கையும் கரும்பாறைகளையும் பார்த்ததும், "இது பழைய எரிமலை, வெடித்துப் பிளந்த இடம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். கேட்கச் சுவையாக இருப்பதால் அது வாட்ஸ்அப்பிலும் ஏறிவிடும்.

ஆனால் அது உண்மையல்ல. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி நம் மார்க்கம் கட்டளையிடுகிறது (பார்க்க: 49:6). பாறை விஷயத்திலும் அப்படி விசாரித்துப் பார்ப்போம்.

கறுப்பெல்லாம் எரிமலைக் கல் அல்ல

எரிமலைக் குழம்பு நிலத்தின் மேல் வழிந்து விரைவாக ஆறினால் பசால்ட் என்ற கல் உருவாகிறது. அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியானவை. காற்றுக் குமிழ் இருந்த ஓட்டைகளும் பல இடங்களில் காணப்படும். மகாராஷ்டிராவிலும் வட கர்நாடகத்திலும் இந்தக் கல் பரந்து கிடக்கிறது. பீஜப்பூரின் கோல் கும்பஸ் கட்டப்பட்டது இக்கல்லால்தான்.

கொல்லிமலையில் நாம் காண்பது பெரும்பாலும் சார்னோகைட். உடைந்த முகத்தை உற்றுப் பார்த்தால் எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பும், தனித்தனியான பெரிய மணிகளும் தெரியும். சென்னை பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருப்பது இதே இனம். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893இல் அவர் பெயரையே இதற்கு வைத்தார்.

இது பூமிக்கு மேலே வழிந்த கல் அல்ல. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. மேலே இருந்த பாறை அத்தனையும் தேய்ந்து போன பிறகே இன்று நம் காலடியில் கிடக்கிறது.

இறங்கும் வழியில் கவனியுங்கள்

மலையுச்சியின் சிவந்த மண்ணிலிருந்து தொடங்குங்கள். காலங்காலமாகப் பெய்த மழை பாறையின் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் மிஞ்சின. இங்கு பாக்சைட் கிடைப்பது அதனால்தான்.

அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். வழியில் பாறையில் உள்ள நேரான வெடிப்புகளைப் பாருங்கள். அய்யாற்றின் நீர் அவற்றில் நுழைகிறது. வெள்ளம் உருட்டி வரும் கல்லும் மணலும் உளி போல் அறுக்கின்றன. அடி அரிக்கப்பட்டதும் மேல் பாறை சரிகிறது. சுமார் 300 அடி அருவியும் இந்தப் பள்ளமும் இப்படி உருவானவையே.

அருவியடியில் கிடக்கும் பெரும் பாறைகளைக் காணும்போது அல்பிரூனியை நினைவுகூரலாம். மலையருகே ஆற்றில் பெரிய கற்கள், தொலைவில் சிறிய கற்கள், கடலோரத்தில் மணல் என்ற வரிசையைக் கவனித்து, கங்கைச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து வண்டலால் நிரம்பியிருக்க வேண்டும் என்று 11ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் அவர். அதே காலத்தவரான இப்னு சீனாவும், நீர் நெடுங்காலம் அரித்துப் பள்ளத்தாக்குகளை உருவாக்குவதை விளக்கியிருக்கிறார்.

போகும்போது

நிலவியல் படித்த ஒருவரை வழிகாட்டியாக அழைத்துச் செல்லுங்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்க்கலாம். காலையிலேயே இறங்கத் தொடங்குங்கள், ஏறுவதற்குத்தான் அதிக நேரம் ஆகும். மேலே மழை பெய்தால் கீழே நீர் திடீரென உயரும். வழுக்குப் பாறையில் நின்று படம் எடுத்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள். பாறையை உடைக்காதீர்கள். பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

மலைகளின் வெண்மை, சிவப்பு, கருமைப் பாதைகளைக் கவனிக்கச் சொல்கிறது அல்குர்ஆன் (பார்க்க: 35:27). அடுத்த வசனமே அறிவுடையோரின் இறையச்சத்தைப் பற்றிப் பேசுகிறது. படைப்பை வியக்க நமக்குக் கற்பனை எரிமலை தேவையில்லை. 250 கோடி ஆண்டுப் பழைமையான கல்லைத் தண்ணீரே செதுக்கியிருக்கிறது என்ற உண்மையே போதும், சுப்ஹானல்லாஹ்!